பல்லுக் கம்பி: எப்போது, எதற்கு, எந்த வகை?

புலம்பெயர் நாடுகளில் வளரும் எமது பிள்ளைகளில் பலர் பத்து, பன்னிரண்டு வயதில் பல் வைத்தியரிடமிருந்து ஒரு கடிதத்தோடு வீடு திரும்புவார்கள். பல்வரிசை நிபுணர் ஒருவரிடம் பிள்ளையைக் காட்டும்படி அதில் எழுதியிருக்கும். அந்தக் கடிதம் குளிர்சாதனப் பெட்டியின் கதவில், ஒரு காந்தத்தின் கீழே, மாதக்கணக்கில் தொங்குவது பல வீடுகளில் நடப்பதுதான். காசு பெரிதாகப் போகுமே என்ற பயம் ஒரு காரணம். "எங்களுக்கு ஊரில் ஆர் கம்பி போட்டது? நாங்கள் சாப்பிடேல்லையா?" என்ற எண்ணம் இன்னொரு காரணம்.

அந்த எண்ணத்தில் நியாயம் இல்லாமலில்லை. எங்கள் காலத்தில் பல் வைத்தியர் என்றால் பல் பிடுங்குபவர். முன்பல் வெளியே நின்றால் மிதப்புப் பல். ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் தெத்துப்பல். அதுவே வேட்டைப்பல்லாக இருந்தால் சிங்கப்பல், அதிர்ஷ்டம் என்று அம்மம்மா சொல்லுவார். பேர் வைத்தோம், வாழ்ந்தோம். கொஞ்சம் கோணலான பல்லால் யாரும் சாவதில்லை. சிரிப்பு விளம்பரங்களில் வருவதுபோல எல்லாப் பல்லும் ஒரே கோட்டில் நிற்கவேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. ஆனால் அந்தக் கடிதம் பேசுவது அழகைப் பற்றி மட்டும் என்று நினைத்து ஒதுக்கிவிட்டால், பிறகு காசு கொடுத்தாலும் திரும்பப் பெற முடியாத ஒன்றை, அதாவது பிள்ளையின் வளர்ச்சிக் காலத்தை, இழந்துவிட நேரலாம்.

முதலில், கம்பி என்னதான் செய்கிறது?

பலகையில் அடித்த ஆணியை இழுப்பதுபோல கம்பி பல்லை இழுக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பல் எலும்போடு ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை. பல்லின் வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்ப்படலம் ஒன்று இருக்கிறது. அதன் தடிப்பு ஏறக்குறைய 0.2 மில்லிமீற்றர். ஆயிரக்கணக்கான நுண்ணிய நார்கள் பல்லை எலும்புக் குழிக்குள் தொங்கவைத்திருக்கின்றன என்று சொல்லலாம். நாங்கள் கடிக்கும்போது அதிர்ச்சியைத் தாங்குவதும், சோற்றுக்குள் ஒரு சின்னக் கல் அகப்பட்டால் உடனே உணர்த்துவதும் இந்தப் படலமே.

வேலிக் கதியாலை நினைத்துப் பாருங்கள். நட்ட கதியாலை ஒரு பக்கமாகத் தள்ளினால், தள்ளிய பக்கத்து மண் இறுகும். மறுபக்கத்தில் இடைவெளி விழும். பல்லை மெதுவாக ஒரு பக்கம் தொடர்ந்து அழுத்தும்போதும் இதுவே நடக்கிறது. ஒரு பக்கத்து நார்ப்படலம் நசிகிறது, மறுபக்கத்துப் படலம் இழுபடுகிறது. கதியாலுக்கும் பல்லுக்கும் உள்ள வித்தியாசம் இதற்குப் பிறகுதான் வருகிறது. எலும்பு உயிருள்ள பொருள். நசிந்த பக்கத்தில் எலும்பைக் கரைக்கும் கலங்கள் வந்து சேர்ந்து, பல்லுக்கு முன்னால் இருக்கும் எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து வழி விடுகின்றன. இழுபட்ட பக்கத்தில் எலும்பைக் கட்டும் கலங்கள் புது எலும்பை இட்டு நிரப்புகின்றன. கம்பி செய்வது ஒரு சைகை கொடுப்பது மட்டுமே. பல்லை நகர்த்தும் வேலையைச் செய்வது பிள்ளையின் உடம்பு.

இது விளங்கினால், பெற்றோர் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்விக்கு விடை கிடைத்துவிடும். "நாலு கிழமைக்கு, ஆறு கிழமைக்கு ஒருதரம் கூப்பிட்டு ஐந்து நிமிடம் பார்த்து அனுப்புகிறார்கள், கொஞ்சம் இறுக்கிக் கட்டினால் கெதியாக முடியாதா?" முடியாது. ஒரு பல்லுக்குக் கொடுக்கப்படும் விசை, அதை எந்த விதமாக நகர்த்துகிறார்கள் என்பதைப் பொறுத்தது. பெரும்பாலும் ஒரு கோழிமுட்டையின் பாரத்துக்கும் இரண்டு முட்டையின் பாரத்துக்கும் இடையில்தான் இருக்கும். அதற்கு மேல் அழுத்தினால் நசிந்த பக்கத்துச் சின்ன இரத்தக் குழாய்கள் அடைபட்டுப் போகும். இரத்தம் இல்லாத இடத்துக்கு எலும்பு கரைக்கும் கலங்கள் வரமுடியாது. பல் நகராமல் அப்படியே நின்றுவிடும், வலிதான் மிஞ்சும். வேரின் நுனி தேயும் ஆபத்தும் கூடும். மென்மையான விசையிலும் வேர் நுனி மிகச் சிறிதளவு தேய்வது வழமை. பெரும்பாலானோருக்கு அதனால் ஒரு பாதிப்பும் வருவதில்லை.

நன்றாகப் போனால் பல் மாதத்துக்கு ஒரு மில்லிமீற்றர் அளவில் நகரும். சிறிய கடைவாய்ப்பல் ஒன்றின் அகலம் ஏறக்குறைய 7 மில்லிமீற்றர். அப்படியொரு பல்லை எடுத்த இடைவெளியை மூடவே ஏழெட்டு மாதம் போய்விடும். அதற்கு முன் நேராக்கல், அதன்பின் மேல்வரிசையும் கீழ்வரிசையும் ஒன்றோடொன்று பொருந்தக் கடிக்கவைத்தல் என்று சேர்த்தால், ஒன்றரை முதல் இரண்டு வருடம் என்று வைத்தியர் சொல்வதில் ஏமாற்று எதுவும் இல்லை.

எப்போது காட்டவேண்டும்?

அமெரிக்கப் பல்வரிசை நிபுணர் சங்கம் ஏழு வயதுக்குள் ஒருதரம் காட்டும்படி சொல்கிறது. ஏழு வயதில் கம்பி போடவேண்டும் என்பது அதன் பொருள் அல்ல. பார்த்துவிட்டு "இப்போது ஒன்றும் வேண்டாம், இரண்டு வருடம் கழித்து வாருங்கள்" என்று அனுப்புவதுதான் அநேகமாக நடக்கும். ஆனால் மூன்று விடயங்களுக்குக் காலம் உண்மையிலேயே முக்கியம்.

ஒன்று, மேல்தாடை ஒடுங்கி, மேற்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உள்ளே கடிப்பது. பல காலம் விரல் சூப்பிய, சூப்பியை விடாத பிள்ளைகளிடம் இதைக் கூடுதலாகக் காணலாம். மேலண்ணம் பிறக்கும்போது ஒரே எலும்பு அல்ல. இரண்டு பாதிகள் நடுவில் ஒரு பொருத்தால் இணைந்திருக்கின்றன. பதின்ம வயதில் அந்தப் பொருத்து இறுகிவிடும். இறுகுமுன், அண்ணத்தில் ஒரு திருகு வைத்த கருவியைப் பொருத்தி, தாயோ தகப்பனோ தினமும் ஒரு சின்னத் திறப்பால் கால் சுற்றுத் திருப்பினால் இரண்டு பாதிகளும் மெல்ல விலகும். ஒரு திருப்புக்கு ஏறக்குறைய கால் மில்லிமீற்றர். சில நாட்களில் முன் இரு பற்களுக்கும் நடுவே பெரிய ஓட்டை ஒன்று தோன்றும். இதைக் கண்டு பதறிப்போய் திருப்புவதை நிறுத்திவிடும் பெற்றோர் இருக்கிறார்கள். அந்த ஓட்டைதான் கருவி வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். அது பிறகு தானாகவே பெரும்பாலும் மூடிக்கொள்ளும். இதே குறையை இருபத்தைந்து வயதில் திருத்தப் போனால் சத்திரசிகிச்சை தேவைப்படலாம்.

இரண்டு, கீழ்த்தாடை பின்தங்கி, மேல் முன்பற்கள் மிதந்து நிற்பது. இப்படியான பிள்ளை விழுந்தால் முதலில் நிலத்தில் அடிபடுவது அந்த முன்பற்களே. இவர்களுக்கு மேலும் கீழும் இரண்டு தட்டுகளாகப் போடும் கருவி ஒன்று இருக்கிறது. ஸ்கொட்லாந்தில் வில்லியம் கிளார்க் என்ற பல்வரிசை நிபுணர் 1970களின் இறுதியில் உருவாக்கிய 'ட்வின் புளொக்' இந்த வகையில் பெயர்பெற்றது. வாயை மூடும்போதெல்லாம் கீழ்த்தாடை முன்னுக்கு வந்தே கடிக்கும்படி அது செய்கிறது. பிள்ளை மளமளவென்று உயரும் காலத்தில் போட்டால்தான் இதனால் நல்ல பயன் கிடைக்கும். பெண்பிள்ளைகளுக்கு அந்தக் காலம் ஆண்பிள்ளைகளைவிட இரண்டு வருடம் அளவில் முந்தி வரும். சாமத்தியப்பட்டு ஒன்றிரண்டு வருடம் கழித்துக் காட்டினால், வளர்ச்சியின் வேகம் அடங்கியிருக்கும்.

மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது; ஏனென்றால் அது வெளியே தெரியாது. மேல் வேட்டைப்பற்கள் கண்ணுக்குக் கீழே, மிக உயரத்தில் உருவாகி, நீண்ட தூரம் இறங்கி வருபவை. சிலருக்கு அவை வழி தவறி அண்ணத்துப் பக்கம் சாய்ந்து எலும்புக்குள்ளேயே நின்றுவிடும். பார்த்தால் பிள்ளையின் பல்வரிசை அழகாக இருக்கும். பாற்பல் மட்டும் விழாமல் நிற்கும். "அது பிந்தி விழும்" என்று நாங்கள் காத்திருப்போம். உள்ளே வழி தவறிய பல்லோ பக்கத்து முன்பல்லின் வேரை அரித்துக்கொண்டிருக்கக்கூடும். பத்து வயதளவில் முரசின் மேற்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தால் வேட்டைப்பல்லின் புடைப்பு இரண்டு பக்கமும் தட்டுப்படவேண்டும். ஒரு பக்கம் மட்டும் தட்டுப்படாவிட்டால் எக்ஸ்றே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த வயதில் கண்டுபிடித்தால் சில வேளை பாற்பல்லைப் பிடுங்குவதே போதும், உள்ளே நிற்கும் பல் வழிக்கு வந்துவிடும். பதினைந்து வயதில் என்றால் முரசை வெட்டி, உள்ளிருக்கும் பல்லில் சின்னச் சங்கிலி ஒட்டி, மாதக்கணக்கில் இழுக்கவேண்டும்.

கம்பியின் வகைகள்

பல்லை நகர்த்தும் முயற்சி புதியதல்ல. 1728இல் பாரிஸில் பியேர் ஃபோஷார் எழுதிய பல் மருத்துவ நூலிலேயே, வளைந்த உலோகப் பட்டையில் பற்களை நூலால் கட்டி விரிக்கும் முறை இருக்கிறது. இன்றைய கம்பியின் தகப்பன் என்று சொல்லத்தக்கவர் அமெரிக்கரான எட்வேர்ட் ஆங்கிள். பற்கள் பிழையாகக் கடிக்கும் விதங்களை 1899இல் மூன்று வகுப்புகளாகப் பிரித்தவர் அவர். உங்கள் பிள்ளையின் கோப்பில் 'வகுப்பு இரண்டு' என்று எழுதியிருந்தால் அது அவருடைய கணக்கு. சதுரமுனைக் கம்பியைச் சதுரப் பள்ளத்தில் பொருத்தும் முறையை 1928இல் வெளியிட்டவரும் அவரே. வட்டக் கம்பி பல்லின் தலையைச் சாய்க்கும். சதுரக் கம்பி பள்ளத்துக்குள் சுழலமுடியாமல் நிற்பதால், வேரையும் சேர்த்துத் திருப்ப முடிகிறது.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு பல்லையும் சுற்றி உலோக வளையம் போடவேண்டியிருந்தது. வாய் முழுக்க இரும்பாகத் தெரியும். பல்லின் மேற்பரப்பை அமிலத்தால் சொரசொரப்பாக்கி ஒட்டும் முறையை மைக்கல் புவனகோர் 1955இல் காட்டியபின்தான், சின்னச் சின்னப் பிராக்கெட்டுகளை நேரே பல்லில் ஒட்டும் வழி பிறந்தது. அடுத்த பெரிய மாற்றம் அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வுகூடத்திலிருந்து வந்தது. அங்கே உருவான நிக்கல்-டைட்டானியக் கலப்புலோகம், எவ்வளவு வளைத்தாலும் பழைய வடிவத்துக்கே மெதுவாகத் திரும்பும் குணம் உடையது. 1970களின் தொடக்கத்தில் அதைப் பல்லுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று சிகிச்சையின் முதல் மாதங்களில் போடப்படும் மெல்லிய கம்பி இதுதான். கோணல் பற்களுக்கேற்ப வளைத்துக் கட்டிவிட்டால், தன் வளைவை மீட்க அது முயலும்போது பற்களும் கூடவே நேராகின்றன. பிறகு படிப்படியாகத் தடித்த கம்பி, கடைசியில் சதுரமான துருப்பிடிக்கா உருக்குக் கம்பி.

சாதாரண உலோகக் கம்பியே இன்றும் மிக உறுதியானது, விலை குறைந்தது, எந்தச் சிக்கலான குறைக்கும் ஏற்றது. நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லவேண்டும். கவரிங் நகை போட்டால் தோல் கடிக்கும் என்பவர்கள் இதைக் கவனத்தில் வையுங்கள்.

பீங்கான் பிராக்கெட்டுகள் பல்லின் நிறத்தில் இருப்பதால் தூரத்துக்குத் தெரியாது. இவற்றின் மூலப்பொருளான ஒளி ஊடுருவும் அலுமினா, வெப்பத்தைத் தேடிச் செல்லும் ஏவுகணைகளின் முனைக்கவசத்துக்கான ஆராய்ச்சியிலிருந்து வாய்க்குள் வந்தது என்பது வேடிக்கைதான். உலோகத்தைவிட நொறுங்கக்கூடியது, விலையும் கூட. எங்கள் வீடுகளுக்கென்று தனியாக ஒரு பிரச்சினையும் உண்டு. பீங்கானில் கறை பிடிப்பது குறைவு. ஆனால் கம்பியைக் கட்டிவைக்கும் வெள்ளை இறப்பர் வளையங்கள் மஞ்சளை அப்படியே உறிஞ்சும். ஒரு நேரம் பருப்பும் மீன்குழம்பும் சாப்பிட்டால் மறுநாள் வாய் முழுக்க மஞ்சள் வட்டங்கள். அடுத்த முறை வைத்தியர் மாற்றும்வரை அது போகாது. உலோகக் கம்பிக்கு நீலம், கருநீலம் போன்ற இருண்ட வளையம் கேட்பதே கறிச்சோறு சாப்பிடும் பிள்ளைக்குத் தோதானது.

இறப்பர் வளையம் வேண்டாமல் சின்னக் கதவு மூடும் பிராக்கெட்டுகளும் இருக்கின்றன. இவை சிகிச்சையை விரைவாக முடிக்கும், வலியைக் குறைக்கும் என்று விற்கிறார்கள். இதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் அப்படிக் குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதையும் காணவில்லை. அதற்காகக் கூடுதல் காசு கேட்டால் யோசியுங்கள்.

பல்லின் உட்பக்கம் ஒட்டும் கம்பி வெளியே தெரியவே தெரியாது. விலை மிக அதிகம். நாக்கில் உரசும், சில கிழமைகளுக்குப் பேச்சு குழறும். எங்கள் த, ந இரண்டும் நாக்கு முன்பல்லின் உட்பக்கத்தைத் தொட்டுப் பிறக்கும் எழுத்துகள். சரியாகக் கம்பி இருக்கும் இடம் அது. அண்ணத்தில் திருகு வைத்த பிள்ளைக்கு ண, ள, ழ சிரமப்படும். தமிழ்ப் பள்ளியின் பேச்சுப் போட்டிக்கு இரண்டு கிழமை முன்பு இவற்றைப் போடாமல் விட்டால் பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் நிம்மதி.

இனி, எல்லோரும் கேட்கும் ஒளிபுகும் அலைனர். 1997இல் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்ட அலைன் டெக்னொலொஜி நிறுவனத்தின் இன்விசலைன்தான் இதைப் பரவலாக்கியது. வாயைக் கணினியில் அளந்து, பற்கள் படிப்படியாக நகரவேண்டிய ஒவ்வொரு நிலைக்கும் ஒரு மெல்லிய பிளாஸ்ரிக் உறை செய்து தருவார்கள். ஒன்று அல்லது இரண்டு கிழமைக்கு ஒன்று மாற்றவேண்டும். கழற்றிச் சாப்பிடலாம், பல் தீட்டுவது சுலபம். ஆனால் நாளுக்கு 20 முதல் 22 மணித்தியாலம் வாயில் இருக்கவேண்டும். கழற்றக்கூடியது என்பதே இதன் பலம், அதுவே பலவீனமும். பொறுப்பான பதினாறு வயதுப் பிள்ளைக்கு நன்று. சப்பாத்தையே தொலைத்துவிட்டு வரும் பன்னிரண்டு வயதுக்காரருக்கு ஒட்டிய கம்பிதான் சரி. பல் நிறைய சுழன்றிருந்தால், எலும்புக்குள் நின்ற பல்லை இறக்கவேண்டுமானால், இன்னும் கம்பியே மேல். தேநீர் குடிக்கும்போதும் அலைனரைக் கழற்றவேண்டும். சூட்டில் அது வளையும், சாயமும் ஏறும். நாளுக்கு ஐந்து தேநீர் குடிக்கும் எங்கள் பெரியவர்கள் இதை முதலில் கணக்கிடட்டும்.

வைத்தியரைப் பார்க்காமலே தபாலில் அலைனர் அனுப்பும் வியாபாரம் குறித்து ஒரு வார்த்தை. இவர்களில் மிகப் பெரியதாக இருந்த ஸ்மைல் டிரெக்ட் கிளப் 2023 டிசம்பரில் ஒரே நாளில் கதவை மூடியது. அமெரிக்கா, கனடா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா எங்கும் பாதிச் சிகிச்சையில் நின்றவர்கள் அந்தரித்துப் போனார்கள். எக்ஸ்றே எடுக்காமல், முரசைப் பார்க்காமல் பல்லை நகர்த்துவது, அத்திவாரம் பார்க்காமல் மாடி கட்டுவது போலத்தான்.

நல்ல பல்லைப் பிடுங்குவதா?

நிபுணர் "நாலு பல்லு எடுக்கவேணும்" என்றதும் வீடு இரண்டுபடும். ஊருக்கு அழைப்புப் போகும். மேல்வாய்ப் பல் பிடுங்கினால் கண் பார்வை போகும் என்று ஒரு பெரியம்மா சொல்லுவார். பல்லின் நரம்பும் பார்வை நரம்பும் முற்றிலும் வேறு வேறானவை. பல் பிடுங்கிக் கண் போவதில்லை. தாடை சிறிது, பற்கள் பெரிது என்றால் நாலு சிறிய கடைவாய்ப்பற்களை எடுத்து இடம் உண்டாக்குவது நெடுங்காலமாகக் கைக்கொள்ளப்படும் முறை. அதற்காக எல்லோருக்கும் எடுக்கவேண்டும் என்பதும் இல்லை. இடம் எத்தனை மில்லிமீற்றர் போதாது, எடுக்காவிட்டால் பற்கள் எங்கே போய் நிற்கும் என்று கேளுங்கள். நல்ல நிபுணர் மாதிரி அச்சையோ கணினிப் படத்தையோ வைத்துக் காட்டுவார். பதில் திருப்தி இல்லையென்றால் இன்னொருவரிடம் கேட்பதில் குற்றமில்லை. இந்தப் பேச்சை மொழிபெயர்க்கும் பொறுப்பைப் பிள்ளையிடமே விடாதீர்கள். தன் பல்லைப் பிடுங்குவது பற்றிய பேச்சில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை, தனக்குப் பிடிக்காததை மொழிபெயர்க்காமல் விடும்.

காசும் காலக்கெடுவும்

நாட்டுக்கு நாடு விதி வேறு. பிறந்தநாள் ஒன்றைத் தவறவிட்டால் பல ஆயிரம் போய்விடும் என்பதால் இதை மனதில் வையுங்கள்.

பிரித்தானியாவில் குறையின் தேவையை ஐந்து தரங்களாகப் பிரிக்கிறார்கள். நாலாம், ஐந்தாம் தரத்துப் பிள்ளைகளுக்கும் மூன்றாம் தரத்தில் தோற்றம் அதிகம் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கும் 18 வயதுக்கு முன் தொடங்கினால் அரச மருத்துவச் சேவையில் இலவசம். பல இடங்களில் காத்திருப்புப் பட்டியல் நீளம். பதினாறில் பெயர் கொடுத்தால் வயது தாண்டிவிடலாம்.

யேர்மனியிலும் ஐந்து தரம். மூன்று முதல் ஐந்து வரை சட்டபூர்வக் காப்புறுதி ஏற்கும், பொதுவாக 18 வயதுக்கு முன் தொடங்கவேண்டும். செலவில் 20 வீதத்தை முதலில் நீங்கள் கட்டுவீர்கள்; ஒரே காலத்தில் இரண்டாவது பிள்ளைக்கும் சிகிச்சை நடந்தால் அந்தப் பிள்ளைக்கு 10 வீதம். சிகிச்சை ஒழுங்காக முடிந்ததும் அந்தக் காசு திரும்பக் கிடைக்கும். ஆகவே எல்லாப் பற்றுச்சீட்டுகளையும் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். இடையில் பிள்ளை விட்டுவிட்டால் அந்தப் பங்கு திரும்பாது.

பிரான்சில் 16ஆவது பிறந்தநாளுக்கு முன் தொடங்கவேண்டும். தொடங்குமுன் காப்புறுதியின் அனுமதி பெறவேண்டும். அது தரும் தொகை உண்மைச் செலவின் ஒரு பகுதிதான். மீதிக்கு உங்கள் மேலதிகக் காப்புறுதி என்ன தருகிறது என்று பாருங்கள். நோர்வேயில் குறையின் கடுமையைப் பொறுத்து அரசு ஒரு பங்கைத் திருப்பித் தருகிறது.

சுவிஸில் அடிப்படைக் காப்புறுதி சாதாரணமாகக் கம்பிக்குப் பணம் தராது. சில பிறவிக் குறைகள் மட்டும் விதிவிலக்கு. அங்குள்ள குடும்பங்கள் பிள்ளை சிறிதாக இருக்கும்போதே, குறை எதுவும் தெரியவருமுன், பல்லுக்கான மேலதிகக் காப்புறுதி எடுப்பது அதனால்தான். பல் வைத்தியர் கோப்பில் எழுதியபின் போனால் காப்புறுதி மறுத்துவிடும். கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் பொது மருத்துவக் காப்புறுதி இதை ஏற்பதில்லை. வேலையிடத்து அல்லது தனியார் காப்புறுதியில் வாழ்நாள் உச்சத்தொகை என்று ஒன்று இருக்கும். அவுஸ்திரேலியாவில் காத்திருப்புக் காலமும் உண்டு. விதிகள் மாறக்கூடியவை என்பதால், தொடங்குமுன் எழுத்தில் கேட்டு எழுத்திலேயே பதில் வாங்குங்கள்.

விடுமுறைக்கு ஊருக்கோ சென்னைக்கோ போகும்போது குறைந்த செலவில் போட்டுக்கொண்டு வரலாமே என்று பலர் கேட்பதுண்டு. அங்கே திறமையான நிபுணர்கள் இருக்கிறார்கள்; பிரச்சினை திறமையில் இல்லை. கம்பி ஒருநாள் வேலை அல்ல. நாலு, ஆறு கிழமைக்கு ஒருதரம் பார்க்கவேண்டிய வேலையை ஓகஸ்ட்டில் தொடங்கிவிட்டு அடுத்த ஓகஸ்ட்டில் போய்த் தொடரமுடியாது. இன்னொருவர் போட்ட கம்பியைத் தொடர இங்குள்ள பலர் தயங்குவார்கள். தொடர்ந்தாலும் புதிதாகத் தொடங்கிய கட்டணத்தையே கேட்கலாம். ஏற்கனவே போட்டு நாடு மாறுகிறவர்கள் எக்ஸ்றே, அச்சு, சிகிச்சைத் திட்டம் எல்லாவற்றின் பிரதியையும் கேட்டு வாங்கிக்கொண்டு புறப்படுங்கள்.

கம்பியோடு வாழ்தல்

போட்ட சில மணித்தியாலத்தில் வலி தொடங்கும், மறுநாள் கூடும், ஒரு கிழமைக்குள் அடங்கும். அந்த நாட்களில் கஞ்சி, இடியப்பமும் சொதியும், குழைந்த சோறு. கன்னத்தில் உரசும் இடத்துக்கு வைத்தியர் தரும் மெழுகு. முறுக்கு, கச்சான், கரும்பு, ஒடியல், எலும்பு கடித்தல் எல்லாம் கம்பி கழரும்வரை ஓய்வு எடுக்கட்டும். பிராக்கெட் ஒன்று கழன்றால் சிகிச்சை சில கிழமை பின்னுக்குப் போகும். மாம்பழத்தை வெட்டிக் கொடுங்கள், கொட்டையைச் சூப்பவேண்டாம், நார் சிக்கினால் எடுப்பது பெரும்பாடு.

கம்பிக்குக் கீழே அழுக்குச் சேர்ந்தால் ஒரு மாதத்துக்குள்ளேயே பல்லில் வெள்ளைத் தழும்பு விழத் தொடங்கலாம். கம்பி கழற்றியபின்தான் அது தெரியும், முழுதாக மறையாது. புளோரைட் பற்பசையால் தீட்டுவதும், இடையிடையே சோடா குடிப்பதை நிறுத்துவதும் முக்கியம்.

பெரியவர்களுக்கும் பல் நகரும், கொஞ்சம் மெதுவாக. ஆனால் முரசு நோய் இருந்தால் முதலில் அதைத் தீர்க்கவேண்டும். கட்டுப்பாடில்லாத நீரிழிவு முரசையும் எலும்பையும் கெடுக்கும். எங்கள் சமூகத்தில் நீரிழிவு எவ்வளவு பரவலானது என்பது தெரிந்ததே. எலும்புத் தேய்வுக்கு மருந்து எடுக்கும் பெண்கள் அதை நிபுணரிடம் கட்டாயம் சொல்லவேண்டும். அந்த மருந்துகளில் சில, எலும்பு கரைக்கும் கலங்களை அடக்குபவை. அந்தக் கலங்கள் இல்லாமல் பல் நகராது.

கம்பி கழற்றும் நாளை முடிவு என்று எண்ணுபவர்களே அதிகம். புதிதாக வந்த எலும்பு இறுகவும், இழுபட்ட நார்கள் தளரவும் மாதக்கணக்கில் எடுக்கும். அதுவரை பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பவே பார்க்கும். அதைத் தடுக்க உட்பக்கம் ஒட்டும் மெல்லிய கம்பியோ, இரவில் போடும் ரிட்டெய்னர் என்ற உறையோ தருவார்கள். எத்தனை காலம் என்று கேட்டால், பல் நேராக இருக்கவேண்டும் என்று விரும்பும் காலம் வரை என்பதே இன்று பெரும்பாலான நிபுணர்களின் பதில். ரிட்டெய்னர் அதிகம் தொலைவது சாப்பாட்டு மேசையில்தான். கலியாண மண்டபத்தில் கழற்றி, கடதாசித் துவாயில் சுற்றி, இலையோரம் வைத்தால் அது இலையோடு குப்பைக்குப் போய்விடும். அதற்கென்று தந்த பெட்டியைப் பிள்ளையின் பைக்குள்ளே எப்போதும் போட்டுவிடுங்கள். வீட்டில் கழுவும்போது சுடுதண்ணீர் வேண்டாம், உருமாறிவிடும்.